வேட்டைக்குத் தடை போட்டோம். குண்டுக்கு?

பதிவு நீளமானது. நேரம் இருப்பவர்கள் இப்போது படியுங்கள், இல்லாதவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு 'சூப்பர் சார்' என்று மட்டும் போடாதீர்கள். முப்பத்தாறு வருடம் விடைத்தாள் திருத்தியவனுக்கு, படித்து எழுதியது எது, படிக்காமல் எழுதியது எது என்று தெரியும்.

பூண்டி ஏரியில் எடுத்த ஊசிவால் வாத்துப் படம் ஒன்றைப் போன வாரம் போட்டிருந்தேன். கூடவே வெளிநாடுகளில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக்குண்டைத் தடை செய்ததைப் பற்றி நாலு வரி. வாத்தியார் வாத்தைப் பற்றி எழுதுகிறார் என்று சிலர் கிண்டலடித்தார்கள். அது பரவாயில்லை. ஆனால் ஒருவர், நன்றாகப் படித்தவர், பொறுப்பான பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், இப்படிக் கேட்டார்: "ஐயா, இந்தியாவில் வேட்டையே சட்டப்படி குற்றம். சுடவே கூடாது என்கிற நாட்டில் எந்த உலோகத்தில் சுடலாம் என்று பேசுவது வேலையற்ற வேலை இல்லையா?" அதற்கு 60 பேருக்கு மேல் விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள். என் பழைய மாணவர்கள் சிலரும் அந்த 60இல் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு வருடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1991.

அந்த ஆண்டு அமெரிக்காவில் வாத்து, கூஸ் போன்ற நீர்ப்பறவைகளை ஈயக்குண்டால் சுடுவது நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. அதே 1991இல் நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டது. 1972இல் அந்தச் சட்டம் வந்தபோது உரிமம் வாங்கிக்கொண்டு சில பறவை, விலங்குகளைச் சுட இடம் இருந்தது. 1991 திருத்தம் அந்தக் கதவைச் சாத்தியது. அவர்கள் வேட்டையை விட்டுவைத்துக் குண்டை மாற்றினார்கள். நாம் வேட்டையை நிறுத்தினோம், குண்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

காகிதத்தில் பார்த்தால் நம்முடையதுதான் உயர்ந்த சட்டம். எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் அந்தப் பெருமையையே தலையணையாக வைத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் குற்றச்சாட்டு. வேட்டைக்குத் தடை என்பது ஈயத்துக்குத் தடை ஆகாது. இரண்டும் வேறு வேறு.

ஏன் என்று பாடமாகவே சொல்கிறேன். 12 போர் துப்பாக்கித் தோட்டா ஒன்றில் சுமார் 32 கிராம் ஈயம் இருக்கும். சின்னப் பறவைக்கு உள்ள அளவில் அது 250 முதல் 300 குண்டு. மிளகைவிடச் சிறியவை. சுட்டால் பறவை மேல் படுவது அதில் நாலோ ஐந்தோதான். மீதி எல்லாம் ஏரிக்குள் விழும். பறவை தப்பிப் பறந்துவிட்டால் மொத்தக் குண்டும் ஏரிக்குத்தான்.

இப்போது வாத்துக்கு வருவோம். அதற்குப் பல் கிடையாது. தின்ற விதையையும் நத்தையையும் அரைக்க அதன் வயிற்றில் கெட்டியான ஒரு தசைப்பை உண்டு. அரைவைப்பை என்று எட்டாம் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். அம்மிக்குக் குழவி மாதிரி அந்தப் பைக்குச் சின்னச் சின்னக் கல் வேண்டும். சேற்றைத் துழாவும்போது வாத்து கல்லைப் பொறுக்கி விழுங்கும். ஈயக்குண்டு பார்க்கக் கல் மாதிரியும் இருக்கும், விதை மாதிரியும் இருக்கும். விழுங்கிவிடும். உள்ளே அமிலம், அதோடு அரைப்பு. ஈயம் கரைந்து ரத்தத்தில் கலக்கிறது. தசைகள் செயலிழந்து இறக்கை தொங்கும். இரை உள்ளே இறங்காமல் தேங்கி நிற்கும். எச்சம் பச்சையாகப் போகும். தின்ன இரை எதிரிலேயே இருக்க, பட்டினியில் நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டு இரண்டு மூன்று வாரத்தில் செத்துப்போகும். சில நேரம் இதற்கு ஒற்றைக் குண்டே போதும்.

துப்பாக்கிக்காரன் போன பிறகும் துப்பாக்கி சுட்டுக்கொண்டே இருக்கிறது என்று இதற்குப் பொருள். அமெரிக்காவில் தடைக்கு முன் ஆண்டுக்கு 16 லட்சம் முதல் 24 லட்சம் நீர்ப்பறவைகள் இப்படிச் செத்தன என்பது அந்நாட்டு அரசின் கணக்கு. வேட்டையில் செத்தவை இதில் சேராது. தடைக்குப் பின் 1996, 1997இல் மிசிசிப்பி நதிப் பாதையில் ஆய்வு செய்தார்கள். மல்லார்டு வாத்துகளில் ஈய நஞ்சால் வரும் சாவு 64 சதவீதம் குறைந்திருந்தது. 1997இல் மட்டும் 14 லட்சம் வாத்துகள் பிழைத்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். வேட்டை நிற்கவில்லை, குண்டு மட்டும்தான் மாறியது என்பதைக் கவனியுங்கள்.

"சரி சார், இதெல்லாம் அமெரிக்கா. திருத்தணியில் யார் சுடுகிறார்கள்?" இதுதான் அடுத்த கேள்வியாக வரும்.

செய்தித்தாள் வாங்குகிறவர்கள்தானே நீங்கள்? 'நாட்டுத் துப்பாக்கியுடன் இருவர் கைது, கொக்குகள் பறிமுதல்' என்ற செய்தியை வருடத்தில் எத்தனை முறை படிக்கிறீர்கள்? மடையான், உண்ணிக்கொக்கு, நாமக்கோழி, உள்ளான் எல்லாம் யாருக்காகப் பிடிபடுகின்றன? நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தி 'ஸ்பெஷல் என்ன இருக்கு' என்று கண்ணடித்துக் கேட்பவர் யார்? காடை என்ற பெயரில் வாணலியில் என்ன வறுபடுகிறது என்று அவர் கேட்டாரா? சட்டம் 1991இல் கதவைச் சாத்தியது, நாம் ஜன்னல் வழியாக வாங்கிச் சாப்பிடுகிறோம்.

இந்த இடத்தில் உடனே ஒரு சமூகத்தின் பெயரைச் சொல்லிக் கைகழுவப் பலர் தயாராக இருப்பார்கள் என்று தெரியும். குருவிக்காரர், நரிக்குறவர் என்று. அவர்களுக்குச் சொல்ல ஒரு செய்தி வைத்திருக்கிறேன். நாட்டுத் துப்பாக்கிப் பறிமுதல் செய்திகளில் 'பால்ரஸ் குண்டு' என்று ஒரு சொல் அடிக்கடி வரும். பால்ரஸ் என்றால் சைக்கிள் பேரிங்கில் இருக்கும் உருண்டை. அது எஃகு. ஏரியில் விழுந்தால் துருப்பிடித்து மண்ணோடு போய்விடும், வாத்து விழுங்கினாலும் நஞ்சில்லை. ஆக, சைக்கிள் கடையில் பால்ரஸ் பொறுக்கிக் குழலில் போடுகிறவர், கனடாவும் டென்மார்க்கும் சட்டம் போட்டு எதை வற்புறுத்துகின்றனவோ அந்த உலோகத்தைத் தானாகவே பயன்படுத்துகிறார். உரிமம் வைத்திருக்கும் கனவான் கடையில் ரசீதோடு வாங்கும் தோட்டாவுக்குள் இருப்பது ஈயம். எல்லா நாட்டுத் துப்பாக்கியிலும் பால்ரஸ்தான் என்று நான் சொல்லவில்லை. ஈயமும் போடுகிறார்கள், அந்தச் செய்திகளிலேயே அதுவும் வருகிறது. அதற்காக நஞ்சுக்கு ஜாதி ஒட்ட வேண்டாம். இன்னொன்று, பறவையைச் சுட்டு அதையே குழம்பு வைத்துப் பிள்ளைகளுக்கும் போடுகிற குடும்பம்தான் இதில் முதலில் பாதிக்கப்படுகிறது. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நிறைவேற்றியது. சான்றிதழ் கொடுத்தால் போதாது, அவர்கள் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்றும் ஒருமுறை பார்க்கட்டும்.

ஈயம் குழந்தையின் உடலில் கால்சியம் வேஷம் போட்டு நுழையும். எலும்பில் தங்கும், மூளைக்குப் போகும். இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். யுனிசெஃப் 2020இல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகத்தில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் கவலைப்படும் அளவுக்கு ஈயம் இருக்கிறது. மொத்தம் 80 கோடி. அதில் இந்தியக் குழந்தைகள் சுமார் 27 கோடியே 50 லட்சம். இதற்குப் பெரிய காரணம் பழைய பேட்டரி உருக்குவது போன்றவைதான், வேட்டைக்குண்டு அதில் சின்னப் பங்கு. நான் மிகைப்படுத்த மாட்டேன். ஆனால் குண்டு பட்ட கறியைத் தின்கிற வீட்டுக்கு அது சின்னப் பங்கு இல்லை. குண்டு சதையில் நுழையும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்களை விட்டுச் செல்லும். குண்டைப் பொறுக்கி எடுத்துவிட்டால் போயிற்று என்பது தப்பு. மேலே புளியை ஊற்றிக் குழம்பு வைத்தால்? புளிப்பு ஈயத்தைக் கரைக்கும். ஸ்பெயினில் காடைக்கறியை வினிகரில் சமைத்துப் பார்த்து இதை நிரூபித்திருக்கிறார்கள். வகுப்பில் கவனம் நிற்காத பிள்ளைக்கு 'மக்கு' என்று பட்டம் கொடுக்கிற ஆசிரியர்கள் இந்தப் பத்தியை மட்டும் இரண்டு தடவை படிக்க வேண்டும்.

இனி பழைய பாக்கி. இன்று ஒருவரும் சுடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நேற்று சுட்டது எங்கே போயிற்று?

ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயத்துக்குப் போனவர்கள் அங்கே கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். யார் யார் எந்தத் தேதியில் எத்தனை பறவை சுட்டார்கள் என்று பெருமையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் கூட்டம் ஒரே நாளில் சுட்டது 4,273 பறவைகள். ஒரு பறவைக்கு ஒரே தோட்டா என்று (யாரும் அவ்வளவு குறி தவறாதவர்கள் இல்லை) கணக்குப் போடுங்கள். 4,273 பெருக்கல் 32 கிராம். 137 கிலோ ஈயம், ஒரே நாளில், ஓர் ஏரியில். இரும்பு துருப்பிடித்து மறையும். ஈயம் அப்படி மறையாது, பல பத்தாண்டு சேற்றில் கிடக்கும். நம் பக்கத்து ஏரிகளிலும் வயல்களிலும் வெள்ளைக்கார துரைகள் உள்ளானுக்கும் கிளுவைக்கும் சுட்டது கொஞ்சமா? அவர்களுக்குப் பிறகு ஜமீன்தார்கள், அதிகாரிகள், 'ஷிகார்' பிரியர்கள் என்று 1991 வரை நடந்ததே. அந்த ஏரிகளைத்தான் இப்போது தூர்வாருகிறோம். வண்டலை விவசாயி டிராக்டரில் ஏற்றி வயலில் கொட்டுகிறார். அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்ப்பவர்கள் ஆயிரக்கணக்கில் வளர்ப்பு வாத்தை இறக்குகிறார்கள். அவற்றுக்கும் அதே அரைவைப்பைதான், அவையும் கல்லைப் பொறுக்கும். அந்த முட்டை நம் வீட்டுக்கு வருகிறது.

துப்பாக்கியை எதிர்ப்பது நமக்குப் புதிதும் இல்லை. வேடந்தாங்கல் மக்கள் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அதைச் செய்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது ஊர் திரண்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய், இனிச் சுடக்கூடாது என்று கவுல் எழுதி வாங்கியது. கலெக்டருக்கு அவர்கள் சொன்னது பக்திக் காரணம் இல்லை, விவசாயக் காரணம். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்றார்கள். 1858இல் அதைப் புதுப்பித்தும் வாங்கிக்கொண்டார்கள். ஏரியில் என்ன விழுகிறதோ அது வயலுக்கு வரும் என்று எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது. பட்டம் வாங்கிய 60 பேர் 'வேலையற்ற வேலை' என்பதற்கு விருப்பக்குறி போடுகிறார்கள்.

ஈயம் இல்லாமல் குண்டு செய்யவே முடியாதா? முடியும். முப்பது நாற்பது வருடமாகச் செய்கிறார்கள். இதில் கொஞ்சம் உலோகப் பாடம் இருக்கிறது, எனக்குப் பிடித்த பகுதி, பொறுத்துக்கொள்ளுங்கள். ஈயத்தின் அடர்த்தி 11.3. எஃகு 7.8. அதனால் ஒரே அளவு எஃகுக் குண்டு சீக்கிரம் வேகம் இழக்கும். இதைச் சொல்லித்தான் வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் ஆரம்பத்தில் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். விடை எளிது. குண்டில் இரண்டு அளவு பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டும், கிட்டத்தில் வரும்போது சுட வேண்டும். எஃகு நசுங்காது, அதனால் ஒன்றாகச் சேர்ந்தே போகும், குழல் வாயை ரொம்பக் குறுக்க வேண்டாம். பழைய மெல்லிய குழல் துப்பாக்கிக்கு எஃகு ஆகாது, குழல் கெடும். அதற்கு பிஸ்மத் இருக்கிறது. அடர்த்தி 9.8, மென்மையானது, விலைதான் அதிகம். அது தனியாக இருந்தால் நொறுங்கும் என்று கொஞ்சம் தகரம் சேர்க்கிறார்கள். டங்ஸ்டன் ஈயத்தையே மிஞ்சும், 19.3. துத்தநாகம்? கூடாது. அதுவும் பறவைக்கு நஞ்சு. ஆகையால் பெட்டியில் 'ஈயம் இல்லை' என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. எது இல்லை என்பதோடு எது இருக்கிறது என்றும் படிக்க வேண்டும். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் என் பழைய மாணவர்களில் யாராவது சட்டப்படி உரிமம் வாங்கி வாத்து வேட்டைக்குப் போகிறீர்கள் என்றால் (நான் சம்மதிக்கிறேன் என்று அர்த்தம் இல்லை) இதை மனதில் வையுங்கள்.

இன்னொரு வேடிக்கை சொல்ல வேண்டும். தமிழில் 'ஈயம்' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு உலோகம். காரீயம் ஒன்று, வெள்ளீயம் ஒன்று. துப்பாக்கிக் குண்டு காரீயம். பாட்டி ரசம் வைத்த ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயமும் வெள்ளீயம், அதாவது தகரம். நீர்ப்பறவை வேட்டைக்கு நஞ்சற்றது என்று அமெரிக்க அரசு ஒப்புக்கொண்ட உலோகப் பட்டியலில் இந்தத் தகரமும் இருக்கிறது. ரசத்துக்கு எந்த ஈயம், எது ஆகாது என்று நம் சமையலறை பிரித்துத்தான் வைத்திருந்தது. (ஈயச்சொம்பில் காரீயம் கலந்து விற்கிற மோசடி தனிக் கதை. நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள்.)

உலோகமே வேண்டாம் என்றால் நம் ஊர்க் கதைக்கு வாருங்கள். தணிகை மலையில் முருகன் கைப்பிடித்த வள்ளி யார்? வேடர் தலைவன் நம்பிராஜன் வளர்த்த பெண். தினைப்புனத்தில் பரண் மேல் நின்று 'ஆலோலம்' பாடிக் கவண் வீசிக் கிளி விரட்டியவள். கவணில் வைத்தது கல். ஊர்ப் பையன்கள் உண்டிவில்லுக்குக் களிமண் உருட்டிக் காயவைப்பார்கள். மழை பெய்தால் அது மறுபடி மண். 365 படி ஏறிச் சாமி கும்பிடுகிற நாம், வேடர் குலம் வேண்டாம், வேடர் மகள் மட்டும் வேண்டும் என்கிறோம். அதைப் பற்றி இன்னொரு நாள்.

துப்பாக்கியை விட்டு வலைக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை நம் பக்கத்தில் பெரிய விஷயம் இதுதான். வீச்சுவலையின் ஓரத்தைப் பாருங்கள், வரிசையாக ஈயமணி. வலை பாறையிலும் முள்ளிலும் சிக்கி அறுந்தால் மணி நீரிலேயே போகும். பழவேற்காட்டில் இருந்து பூண்டி வரை, நம் நந்தியாற்று ஓரத்து ஏரிகள் வரை, இது தினமும் நடக்கிறது. ஈயம் 327 டிகிரியிலேயே உருகும். வீட்டு அடுப்பில் பழைய இரும்புச் சட்டியில் உருக்கி வார்த்துவிடலாம். அந்தப் புகை யார் மூக்கில் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தில் தூண்டிலில் கட்டுகிற சின்ன ஈய எடைகளை விழுங்கி அன்னங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. 1987இல் 28 கிராம் வரையுள்ள ஈய எடைகளின் விற்பனையையே தடை செய்தார்கள். அன்னங்கள் மீண்டு வந்தன. அன்னத்தைச் சரஸ்வதிக்கு வாகனமாக வைத்தவர்கள் நாம், காப்பாற்றியவர்கள் அவர்கள். நம் தாத்தாக்கள் வலைக்குச் சுட்ட மண்ணில் குண்டு செய்தவர்கள்தான், அகழாய்வுக் குழிகளில் அது கிடைக்கிறது. இன்றைக்கு மண் வேண்டாம், இரும்புச் சங்கிலியாவது கட்டலாமே. மீனவரைக் குற்றவாளியாக்குகிற வேலையை நான் செய்யவில்லை. மாற்று எடையை மானியத்தில் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

"பறவை செத்துக் கிடப்பதை நாங்கள் பார்க்கவே இல்லையே" என்று ஒருவர் எழுதியிருந்தார். பார்க்க மாட்டீர்கள். 2019 நவம்பரில் ராஜஸ்தான் சாம்பார் ஏரியில் 18 ஆயிரத்துக்கு மேல் பறவைகள் ஒரேயடியாகச் செத்தன. நாடே பார்த்தது. பரேலி கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் சோதித்து பாட்டுலிசம் என்று சொன்னது. ஈயம் அப்படிக் கொல்லாது. இன்று ஒன்று, நாளை மறுநாள் ஒன்று. பலவீனமான பறவை கோரைப்புல்லுக்குள் போய் ஒளிந்து சாகும். காலைக்குள் நரியோ நாயோ பருந்தோ தூக்கிப் போய்விடும். அந்தப் பருந்துக்கும் ஈயம் ஏறும். கூட்டமாகச் செத்தால் செய்தி, ஒவ்வொன்றாகச் செத்தால் ஒன்றும் இல்லை.

சட்டத்தை நம்பச் சொல்கிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம் காட்டுகிறேன். 2017இல் மத்திய அரசு சதுப்புநில விதிகள் கொண்டுவந்தது. நல்ல விதிகள். ஆனால் சதுப்புநிலம் என்றால் என்ன என்ற விளக்கத்திலேயே, பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலை, குடிநீருக்காகக் கட்டிய நீர்நிலை, நெல்வயல் எல்லாவற்றையும் விலக்கிவிட்டது. நம் மாவட்டத்தில் வேறு என்ன இருக்கிறது? நம் ஏரிகள் பாசனத்துக்கு வெட்டியவை. பூண்டி 1944இல் சென்னைக் குடிநீருக்குக் கட்டியது. வாத்துக்கு இந்த விளக்கம் தெரியாது, அது எல்லாவற்றிலும் இறங்குகிறது. அதற்கு மாநில எல்லையும் தெரியாது. 1960இல் திருத்தணி எந்தப் பக்கம் என்று நாம் முடிவு கட்டிக்கொண்டோம். பறவை காலையில் நேலப்பட்டு, மாலையில் பழவேற்காடு.

வலசை உயிரினங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 1983இல் இருந்தே உறுப்பு நாடு. 2014இல் அந்த நாடுகள் ஈக்வடாரின் கீட்டோவில் கூடி, வலசைப் பறவைகளைக் காக்க ஈயத் தோட்டாவைப் படிப்படியாகக் கைவிட வேண்டும் என்ற வழிகாட்டுதலை ஏற்றன. 2020 பிப்ரவரியில் அதே உடன்படிக்கையின் மாநாட்டை காந்திநகரில் நாமே நடத்தினோம். வரவேற்பு வளைவு எல்லாம் பிரமாதம். இங்கே ஒருவர் துப்பாக்கி உரிமத்தைப் புதுப்பிக்கப் போனால் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்று எழுதித் தருகிறார்கள். எந்த உலோகம் என்று அதில் ஒரு வரி உண்டா? பயிர்க்காவலுக்கு உரிமம் வாங்கியவர் ஏரிக்கரையில்தானே நிற்கிறார்?

நம்மால் முடியாத காரியம் என்றும் சொல்லாதீர்கள். 2000இல் பெட்ரோலில் இருந்து ஈயத்தை எடுத்தோம். வண்டி ஓடாது என்றார்கள், ஓடுகிறது. 2017 நவம்பரில் இருந்து வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு வரம்பு வைத்தோம். சுவர் வெளுத்துவிடவில்லை. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி பிணந்தின்னிக் கழுகைக் கொல்கிறது என்று தெரிந்ததும் 2006இல் அதை நிறுத்தி மெலாக்சிகம் கொடுத்தோம். மாடும் பிழைத்தது. இவை எல்லாவற்றிலும் மாற்று கையில் இருந்தது. இதிலும் இருக்கிறது.

சட்டம் போட்டால் மட்டும் போதும் என்கிற ஆளும் நான் இல்லை. இங்கிலாந்தில் 1999இல் வாத்து வேட்டைக்கு ஈயம் தடை. பத்து வருடம் கழித்துக் கறிக்கடைகளில் வாத்து வாங்கி உள்ளே இருந்த குண்டை எடுத்துச் சோதித்தார்கள். 70 சதவீத வாத்துகளில் ஈயம்! வெள்ளைக்காரனும் திருட்டுத்தனம் செய்வான். ஆனால் ஒன்று, அவர்கள் போய்ச் சோதித்தார்கள், எண்ணை வெளியே சொன்னார்கள். நாம் அதற்கே தயாராக இல்லை.

அதனால் மனு ஒன்று எழுதியிருக்கிறேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வனத்துறை பறிமுதல் செய்யும் நீர்ப்பறவையையும், செத்துக் கிடக்கும் வாத்து, நாமக்கோழியையும் எரிக்கும் முன் ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உள்ளே குண்டு தெரிந்தால் அதை எடுத்துக் காந்தத்தில் காட்ட வேண்டும். ஒட்டினால் எஃகு, ஒட்டாவிட்டால் பெரும்பாலும் ஈயம், ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஐந்து ரூபாய் காந்தம். எண்ணிக்கையை வருடம் ஒருமுறை வெளியிட வேண்டும். மாவட்டத்தில் துப்பாக்கி உரிமம் புதுப்பிக்கும்போது நீர்நிலை ஓரத்தில் ஈயத் தோட்டா கூடாது என்று நிபந்தனை சேர்க்க முடியுமா என்று ஆட்சியர் அரசைக் கேட்க வேண்டும். மீன்வளத்துறை வலை மானியம் கொடுக்கும்போது ஈயமில்லாத எடையோடு கொடுக்க வேண்டும். பழவேற்காட்டு மீனவர் வீடுகளிலும் குருவிக்காரர் குடியிருப்புகளிலும் பிள்ளைகளுக்கு ரத்தப் பரிசோதனை முகாம் ஒன்று வேண்டும். அவ்வளவுதான்.

வருகிற திங்கட்கிழமை திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிறேன். திருத்தணியில் இருந்து மின்சார ரயிலில் போகிறேன், கூட வருகிறவர்கள் ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டர் பக்கம் நில்லுங்கள். வர முடியாதவர்கள் மனு நகலை உள்பெட்டியில் கேட்டு வாங்கிக் கையெழுத்திட்டு ஞாயிறு மாலைக்குள் என்னிடம் சேர்த்துவிடுங்கள். விருப்பக்குறி போட்ட அந்த 60 பேருக்கும் தனித்தனியே அனுப்பியிருக்கிறேன். இதுவரை பதினொரு பேர் திறந்து பார்த்திருக்கிறார்கள்.